கடனை அடைக்கணும், மகாபலிபுரமும் போகணும்: ஓரகடம் ரோட்டுக்கு ஒரு வீட்டுக்கடன் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் வீட்டுக்கடன். போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஓரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கார். படப்பை பக்கம் ரெண்டு பெட்ரூம் பிளாட், 20 வருஷக் கடன். அதை 7 வருஷத்துல முடிச்சே தீரணும்னு ஓவர்டைம் காசு, தீபாவளி போனஸ், அவங்க வீட்டம்மா எடுத்த சீட்டுப் பணம், எல்லாத்தையும் கடன் கணக்குல கொட்டிட்டு இருக்கார். "பாப்பா மகாபலிபுரம் கூட்டிட்டுப் போங்கப்பான்னு ரெண்டு வருஷமா கேக்குது. கடன் முடியட்டும்னு சொல்லிட்டே இருக்கேன். நான் பண்றது சரிதானே தம்பி?" இதுதான் கேள்வி.

அண்ணா, பாதி சரி. அந்தப் பாதியை முதல்ல சொல்லிடறேன்.

உங்க கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பொதுவா 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னு வெச்சுக்குவோம். இஎம்ஐ சுமார் 21,700 ரூபாய். முதல் மாசம் அதுல வட்டிக்கே 17,700 போயிடுது. அசல்ல கழியறது 4,000. முதல் வருஷம் முழுக்க 2 லட்சத்து 60 ஆயிரம் கட்டியிருப்பீங்க, கடன்ல குறைஞ்சிருக்கிறது 50 ஆயிரம் கூட இல்ல. வங்கி ஏமாத்துதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஏமாத்து ஒண்ணும் இல்ல, பாக்கி அதிகமா இருக்கறப்ப வட்டியும் அதிகமாத்தான் இருக்கும். ஆனா அதனாலதான் ஆரம்ப வருஷங்கள்ல கட்டற கூடுதல் காசுக்கு அவ்வளவு பலம்.

முதல் வருஷம் முடியறப்ப ஒரு லட்சம் கூடுதலாக் கட்டறீங்க. இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைங்கன்னு எழுதிக் குடுத்தா கடைசியில 21 இஎம்ஐ காணாமப் போகும். வட்டியில மிச்சம் சுமார் 3 லட்சத்து 65 ஆயிரம். அதே ஒரு லட்சத்தைக் கட்டி, காலம் அப்படியே இருக்கட்டும், இஎம்ஐயைக் குறைங்கன்னா மாசம் 885 ரூபாய் குறையும், மொத்த மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பல பேர் கட்டிட்டு வந்துடறாங்க, எதைக் குறைச்சாங்கன்னு பாக்கறதே இல்ல. கட்டின கையோட புது தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்க.

அபராதம் போடுவாங்களேன்னு பயம் வேண்டாம். தனிநபர்கள் வாங்கின மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைக்கறதுக்கான கட்டணத்தை வங்கிகள் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிடுச்சு.

சரி, இப்ப மீதிப் பாதி. 25 லட்சத்தை 20 வருஷத்துல அடைச்சா மொத்த வட்டி 27 லட்சம். 10 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 31,000 வேணும், அதாவது 9,300 கூடுதல். வட்டி 12 லட்சத்துக்கு இறங்கிடும். மிச்சம் 15 லட்சம். அட்டகாசம். இப்ப 10ல இருந்து 7க்கு வாங்க. மாசம் 39,600 வேணும். இன்னொரு 8,600 சேத்துப் போடணும். மிச்சம் எவ்வளவு? 4 லட்சம்.

முதல் 9,000 ரூபாய் 15 லட்சம் சம்பாதிச்சுக் குடுக்குது. ரெண்டாவது 9,000 ரூபாய் 4 லட்சம்தான் குடுக்குது. அந்த ரெண்டாவது 9,000 எங்கிருந்து வருது? உங்க தூக்கத்துல இருந்து, பாப்பாவோட சனி ஞாயிறுல இருந்து. 4 லட்சம் சின்னக் காசுன்னு நான் சொல்லலை. ஆனா ஏழு வருஷம் முழுக்க அதுக்கு விலை குடுக்கறீங்க. பாப்பாவுக்கு இப்ப ஆறு வயசுன்னு சொன்னீங்க. கடன் முடியறப்ப அதுக்குப் பதிமூணு. அப்ப அது ஃப்ரெண்ட்ஸ் கூடத்தான் மகாபலிபுரம் போகும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. உங்க மெசேஜ்லயே நடுவுல போற போக்குல சொன்னீங்க, சேமிப்புக் கணக்குல 11,000 ரூபாய்தான் இருக்குன்னு. அதுதான் எனக்கு உறுத்திச்சு.

நம்ம ரோட்டோட கதையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில 2006ல உற்பத்தி தொடங்குச்சு. உலகத்துலேயே பெரிய போன் ஆலைகள்ல ஒண்ணு. ஷிப்ட் பஸ் வரிசையா நிக்கும். அந்த வேலையை நம்பி வங்கியும் கடன் குடுத்துச்சு, பொண்ணும் குடுத்தாங்க. வருமான வரி வழக்குல சொத்து முடங்கினதால, 2014 ஏப்ரல்ல கம்பெனி தன்னோட போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு வித்தப்ப இந்த ஆலை அந்த விற்பனையில சேரலை. ஆயிரக்கணக்கானவங்க விருப்ப ஓய்வு வாங்கிட்டு வெளிய வந்தாங்க. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்னுச்சு. அடுத்த மாசமே பக்கத்துல பாக்ஸ்கான் யூனிட்டும் நிறுத்திடுச்சு. தொடங்கி ஒன்பது வருஷம்கூட ஆகலை. 2006ல அந்தச் சம்பளத்தை நம்பி 20 வருஷக் கடன் வாங்கினவருக்கு, ஆலை மூடினப்ப பாதிக் கடன்கூடத் தாண்டலை.

அந்தப் பக்கம் மறைமலை நகர்ல ஃபோர்டு. 2021 செப்டம்பர்ல மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, 2022 ஜூலையில கடைசி வண்டி வெளிய வந்துச்சு. மூடவே வேண்டாம், 2024 செப்டம்பர்ல சாம்சங் ஆலையில ஒரு மாசத்துக்கு மேல வேலைநிறுத்தம் நடந்துச்சே. யார் பக்கம் நியாயம்ங்கறது வேற எபிசோடு. சம்பளம் வராத மாசத்துலயும் இஎம்ஐ தேதி வரும்ங்கறதுதான் நம்ம விஷயம்.

அதனாலதானே தம்பி சீக்கிரம் அடைக்கறேன்னு கேப்பீங்க. இங்கதான் ஒரு சிக்கல் இருக்கு. நீங்க 5 லட்சம் முன்கூட்டியே கட்டியிருக்கீங்க. அடுத்த மாசம் வேலை போயிடுச்சு. வங்கிக்குப் போயி, "சார், நான்தான் நிறையக் கட்டியிருக்கேனே, ஆறு மாசம் விட்டுடுங்க"ன்னு கேட்டா அதுக்கு வழியில்ல. அந்த 5 லட்சம் உங்க கடைசி வருஷங்களைத்தான் குறைச்சிருக்கு, அடுத்த மாச இஎம்ஐயை இல்ல. உள்ள போன காசு திரும்பி வராது. மூணு இஎம்ஐ தொடர்ந்து தவறினா கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போயிடும். 22 லட்சம் அடைச்சவர், 3 லட்சம் பாக்கிக்காக வீட்டு வாசல்ல நோட்டீஸ் பாக்கறது கற்பனை இல்ல.

அதனால வரிசையை மாத்துங்க. முதல்ல ஆறு மாச இஎம்ஐ, ஆறு மாச வீட்டுச் செலவு, ரெண்டும் கையில. 21,700 இஎம்ஐன்னா அதுக்கே 1 லட்சத்து 30 ஆயிரம். அரிசி, பால், ஸ்கூல் வேன் எல்லாம் சேத்தா ரெண்டரை, மூணு லட்சம் ஆகும். ஃபிக்சட் டெபாசிட்ல போட்டு வெச்சா 8.5 சதவீதக் கடனை வெச்சுக்கிட்டு அதைவிடக் குறைஞ்ச வட்டிக்குக் காசைத் தூங்க வெக்கறமேன்னு எக்செல் திட்டும். திட்டட்டும். அந்த வித்தியாசம்தான் நீங்க கட்டற இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

எக்செல் திட்டு தாங்காதவங்களுக்கு ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டுக்கடன் இருக்கு. ஸ்டேட் வங்கியில மேக்ஸ்கெயின்னு பேரு, வேற வங்கிகள்லயும் இதே மாதிரி உண்டு. கூடுதல் காசை அந்தக் கணக்குல நிறுத்தி வெச்சா அந்த அளவுக்கு வட்டி ஏறாது, அவசரம்னா திரும்ப எடுத்துக்கலாம். வட்டி விகிதம் சாதாக் கடனைவிட கொஞ்சம் கூட இருந்தா கேட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க. கை நீளம்னா வேண்டாம், ஏடிஎம் மாதிரி ஆயிடும்.

அந்த ஆறு மாசக் காசு சேந்த பிறகு, வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலாக் கட்டுங்க. தீபாவளி போனஸ் அதுக்குன்னு. அது மட்டுமே 20 வருஷக் கடனை 16 வருஷம் 8 மாசத்துக்குக் கொண்டுவந்துடும். சம்பளம் ஏறற வருஷம் இஎம்ஐயையே ஆயிரம், ரெண்டாயிரம் ஏத்துங்க. 10, 11 வருஷத்துல முடியும். 7 வேண்டாம்.

வட்டி மாறறப்பவும் கண்ணு வேணும். ரெப்போ விகிதம் 2022 மே வரைக்கும் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில 6.5. 2021ல 6.7 சதவீதத்துக்கு 25 லட்சம் வாங்கினவருக்கு இஎம்ஐ 19,000 பக்கம். வட்டி 9.2 ஆனதும் அந்த 19,000ல 18,400 வட்டிக்கே போச்சு. இஎம்ஐயை ஏத்தாம விட்டா கடன் முடிய இன்னும் 40 வருஷம் ஆகும்ங்கற நிலைமை. பேரன் கட்டணும். அதுக்கப்புறம்தான் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி, வட்டி மாத்தறப்ப இஎம்ஐயை ஏத்தறதா, காலத்தை நீட்டறதான்னு வாடிக்கையாளரைக் கேக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2025ல ரெப்போ 6.5ல இருந்து 5.25 வரைக்கும் இறங்குச்சு. இறங்கறப்ப இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லாதீங்க. பழைய இஎம்ஐயே ஓடட்டும், வலியே இல்லாம கடன் தேயும். உங்க கடன் ரெப்போவோட இணைஞ்சதா, பழைய முறையில இருக்கான்னும் பாருங்க. பழசுன்னா ஒரு கட்டணம் கட்டி மாத்திக்கறது பெரும்பாலும் லாபம்.

கடனை அடைக்காம எஸ்ஐபியில போட்டா 12 சதவீதம் வருமேன்னு ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். எங்களை மாதிரி லேப்டாப் வேலைக்காரங்களுக்கு அந்த வாதம் ஓரளவு நிக்கும். ஆனா கார் விற்பனை விழுந்தா ஷேரும் விழும், உங்க ஓவர்டைமும் விழும், ரெண்டும் ஒரே மாசத்துல. கடன்ல மிச்சமாகிற 8.5 நிச்சயம். வரி விலக்குக்காகக் கடனை வெச்சுக்கிறதும், புது வரி முறையில இருக்கறவங்களுக்கு அர்த்தமில்ல. குடியிருக்கற வீட்டு வட்டிக்கு அதுல கழிவு கிடையாது.

இப்ப மகாபலிபுரம். சந்தோஷத்துக்கு மிச்சத்துல குடுக்காதீங்க, மிச்சம்னு ஒண்ணு இருக்கவே இருக்காது. மாசம் 3,000 தனியா எடுத்து வீட்டம்மா கணக்குல போடுங்க, அதைக் கடனுக்குத் தொடக் கூடாதுன்னு பேசி வெச்சுக்குங்க. படப்பையில இருந்து மகாபலிபுரம் காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடற தூரம்தான். மதியச் சாப்பாடு, சிற்பம் பாக்க டிக்கெட், ஒரு பட்டம், எல்லாம் சேத்து ஒரு மாசக் காசுக்குள்ள அடங்கும். ஏலகிரிக்கு மூணு மாசம் சேக்கணும். இன்னொரு நேயர் புல்லட் வாங்கலாமான்னு கேட்டிருந்தார். ஓரகடத்துல தயாராகற வண்டியை ஓரகடத்துல வேலை பாக்கறவர் ஓட்டக் கூடாதுன்னு சட்டமா? ஆறு மாசக் காசு கையில இருந்தா, காசு சேத்து வாங்குங்க. இன்னொரு இஎம்ஐ மட்டும் வேண்டாம்.

கடைசியா, கடன் முடியற நாளுக்கு ஒரு வேலை. அசல் பத்திரங்களை 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும், வங்கி தாமதிச்சா நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு 2023ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வாங்கின கையோட சார்பதிவாளர் ஆபீஸ்ல கடன் தீர்ந்ததுக்கான ரசீதைப் பதிவு பண்ணிடுங்க. விட்டுட்டா, வில்லங்கச் சான்றிதழ்ல வங்கியோட அடமானம் அப்படியே நிக்கும். பத்து வருஷம் கழிச்சு வீட்டை விக்கறப்பதான் தெரியும், அதுக்குள்ள அந்தக் கிளையே வேற ஊருக்குப் போயிருக்கும்.

அடுத்த எபிசோடு, காண்ட்ராக்ட் தொழிலாளர்களோட பிஎஃப் பணம் பழைய கம்பெனியில மாட்டிக்கிட்டா எப்படி மாத்தறதுன்னு. அண்ணா, போட்டோ எடுத்தா அனுப்புங்க.