பணம் கட்டுமுன் படித்துப் பார்ப்போம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மூன்றே மாதத்தில் கணினி நிரல் எழுதக் கற்றுத் தருகிறோம்; வேலை நிச்சயம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. அத்தனையும் மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலை நம் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று அறியுமுன்பே, இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த ஆயிரக்கணக்கான வெள்ளியை ஏன் கட்ட வேண்டும்?

கற்றுப் பார்க்கக் காசு தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை உலகுக்கே திறந்துவிடுவதாக 2001-இல் அறிவித்தது. இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் மட்டும் கிடையாது. ஹார்வர்டின் 'சி.எஸ். 50' அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பாடம். இந்திய ஐ.ஐ.டி.களின் 'என்.பி.டெல்' பாடங்கள் பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. பாரிசில் 2013-இல் தோன்றிய '42' பள்ளியில் கட்டணம் இல்லை, பட்டமும் கேட்பதில்லை. நுழைவுப் பயிற்சியில் தேற வேண்டும். மலேசியாவிலும் அதற்குக் கிளை உண்டு.

இலவசப் பாடத்தின் குறை ஒன்றுதான்: தனியே படிப்பவர் பாதியில் விட்டுவிடுவர். ஆகவே நம் பிள்ளைகள் நான்கைந்து பேராகக் கூடி, மாலையில் சங்க மண்டபத்தில் படிக்கட்டும்.

அதன் பிறகும் பயிற்சிக்கூடம் வேண்டுமென்றால், மூன்று கேள்விகள் கேட்போம். எத்தனை பேர் சேர்ந்து, எத்தனை பேர் வேலை பெற்றனர்? எந்த வேலை, என்ன சம்பளம்? இடையில் நின்றால் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குவோம். கிராணித் தோழர்களே, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொல்வது உங்கள் கடமை.

கூலி ஒப்பந்தத்தைப் படிக்காமல் நாம் கையெழுத்திடுவதில்லை. கல்வி ஒப்பந்தத்திலும் அப்படியே இருப்போம்.