நான் ஏன் நாட்குறிப்பு எழுதுகிறேன்?

இரவில் உறங்கச் செல்லுமுன் ஒரு பக்கம் எழுதும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. “யார் படிக்கப் போகிறார்கள்? எதற்காக இந்தப் பாடு?” என்று கேட்போர் பலர். அவ்வினாவுக்கு விடை கூறவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

வரலாற்றைக் குறித்து வைக்கும் பழக்கம் நம்மவர்க்கு இல்லை என்பர். அக்கூற்றை மறுக்க ஆனந்தரங்கப் பிள்ளை ஒருவரே போதும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக விளங்கிய அவர், 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் மறையும் காலம்வரை அதனைக் கைவிடவில்லை. கப்பல் வந்ததும், பீரங்கி முழங்கியதும், வணிகச் செய்தியும், ஊரார் பேச்சும் அதில் அருகருகே நிற்கின்றன. புலவர் நடையன்று, பேச்சு வழக்கையொட்டிய தமிழ். அதனாலேயே அதில் உயிர்த்துடிப்பு மிகுதி. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதனை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

இலண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பார் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1666இல் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, தம் மதுவையும் பாலாடைக்கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்த செய்தியையும் அவர் விடவில்லை. எரிந்த வீடுகளின் தொகையைப் பிறர் சொல்லக்கூடும். அஞ்சிய மனிதன் எதைக் காக்க ஓடினான் என்பதை அவனன்றி யார் சொல்வார்?

இவர்கள் பெரியோர், நம் வாழ்வில் எழுதுவதற்கு என்ன உண்டு என்று நீங்கள் எண்ணலாம். என் அன்னையார் நோயுற்றுப் படுக்கையில் கழித்த இறுதி மாதங்களில், அவர் உண்டதையும் உரைத்ததையும் நாள்தோறும் எழுதி வந்தேன். அவர் மறைந்தபின் நினைவு எனக்குக் காட்டியதெல்லாம் அவர் பட்ட துன்பம் ஒன்றே. ஓராண்டு கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு நாள் கொல்லை முருங்கை பூத்ததா என்று அவர் கேட்டிருக்கிறார். மற்றொரு நாள் என் சமையலை எள்ளி நகையாடியிருக்கிறார். நோய் மறைத்திருந்த என் தாயை அந்த ஏடு எனக்குத் திருப்பித் தந்தது.

நினைவு தான் விரும்பியதை, அல்லது தன்னை வருத்தியதை மட்டுமே பற்றிக்கொள்ளும். ஏடு எழுதிய அனைத்தையும் காக்கும். இதுவே நான் எழுதும் காரணம்.

அணிநயம் வேண்டா; பிறர் மெச்ச வேண்டும் என்ற எண்ணமும் வேண்டா. தேதியை இட்டு, கண்டதையும் கேட்டதையும் நான்கு வரியில் உண்மையாக எழுதுங்கள். இன்று அற்பமாகத் தோன்றும் அவ்வரிகளின் மதிப்பைக் காலம் உங்களுக்கு உணர்த்தும்.