கல்லூரி மாணவர்க்கு மனத்துணை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைவதற்கு வேண்டிய வழிகளை நெடுங்காலம் பேசியிருக்கிறோம். நுழைந்த பின்னர் அவர்தம் உள்ளம் படும் பாட்டைப் பேசியது குறைவு.

2016 சனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2017 மார்ச்சில், சேலத்திலிருந்து தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் சென்ற முத்துக்கிருஷ்ணன் உயிரிழந்தார். இவர்களை மனவலிமை அற்றவர் என்பாரை நான் ஒப்புவதில்லை. ரோகித்துக்கு உதவித்தொகை பல மாதங்கள் நின்றிருந்தது. விடுதியிலிருந்தும் அவர் நீக்கப்பட்டிருந்தார். நோயின் வேர் வெளியே இருக்க, உள்ளத்திற்கு மட்டும் மருந்திடுவதால் பயன் என்ன? ஆயினும் அவ்வேரைக் களையும் போராட்டம் முடியும்வரை ஒரு பிள்ளை தனித்து நிற்கலாகாது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றபோது உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பதேனா. 1920இல் மீண்டும் இலண்டன் செல்லக் கடன் கொடுத்தவரும் அவரே. இடையில், 1918இல் பம்பாயிலே பேராசிரியரான காலத்தில், பொதுப் பானையில் அவர் நீர் அருந்தக்கூடாதென உடன் பணியாற்றியோர் சிலர் மறுத்தனர். கல்வி உயர்ந்தால் இழிவு தானே விலகும் என்பது உண்மையன்று என்பதை அவர் அறிந்திருந்தார். 1924இல் அவர் நிறுவிய சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

இன்று வேண்டுவது சகமாணவர் துணைக்குழு. எட்டுப் பத்துப் பேர் போதும். கூட்டம் பெருகினால் மேடைப்பேச்சாகிவிடும். வாரந்தோறும் ஒரே நாள், ஒரே இடம். மூத்த மாணவர் ஒருவர் நடத்தட்டும். ஆங்கில வகுப்பு விளங்காமை, பெயரைக் கேட்டதும் அடுத்து ஊரைக் கேட்கும் விடுதித் தோழர், தோல்வியுற்ற தாள், வராத உதவித்தொகை ஆகியவற்றை ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்கவேண்டும். முந்திக்கொண்டு அறிவுரை கூறலாகாது. 'எனக்கும் இப்படித்தான்' என்று இன்னொருவர் சொல்லும்போது, தன் குறையென்று எண்ணியிருந்தது பலர்க்கும் இழைக்கப்பட்ட அநீதியென்று விளங்குகிறது. அதன்பின் நால்வர் சேர்ந்து அலுவலகம் சென்றால் விண்ணப்பமும் நகர்கிறது.

அங்குப் பேசியது வெளியே போகலாகாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: உயிர்மேல் வெறுப்பு ஒருவர் வாயில் வந்தால், அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்னும் அரசின் தொலைபேசி உதவி எண், 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. குழு மருத்துவத்திற்கு ஈடாகாது.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைக்கு மாலையிட்டு, 'ஊரின் பெருமையே நீதான்' என்று அனுப்புகிறோம். அந்த மாலையின் கனம் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பருவத் தேர்வில் தவறினால் அவன் விடுமுறைக்கு வீடு வரவே அஞ்சுகிறான். மதிப்பெண்ணைக் கேட்குமுன் சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். பெண் பிள்ளையிடம், படிப்பை நிறுத்தித் திருமணம் என்ற பேச்சை எடுத்தால், அவள் துன்பம் எதையும் நம்மிடம் சொல்லமாட்டாள்.

சூன் மாதம் கல்லூரிகள் திறக்கின்றன. நம் சங்கத்தின் மாடி அறை ஞாயிறு மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. அதன் திறவுகோலை மாணவர் கையில் கொடுத்துவிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.