அஞ்சாவதோடு நின்னவங்க



பேளுக்குறிச்சிப் பெரியம்மாக்களிடம் அவங்க படிச்ச பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. பாடத்துக்கு முன்னாடி மதியச் சோறுதான் நினைவுக்கு வரும். அதில் வெட்கம் என்ன? 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும்தானே பல பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தன! 2023-இல் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவு வந்தபோது, கரண்டி பிடித்தவர்களும் நம்ம குழுப் பெண்கள்தான்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை சேர்ந்த தேதியும் இருக்கும், நின்ற தேதியும் இருக்கும். தம்பியைத் தூக்கவா, ஆடு மேய்க்கவா, எதுக்கு நிறுத்தினாங்க? அதை நின்னவங்கதான் சொல்லணும். ஒருநாள் குழுக் கூட்டத்தில் அவங்களைப் பேச வைங்க.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்க. அதில் பாதிப்பேர் பெண்களா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. இந்த வருஷம் எந்தப் பொண்ணு பள்ளிக்கு வரலைன்னு அங்க கேளுங்க.