புகையை ஆளும் கைத்திறன்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு 1879-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அத்தடத்தில் நெடுங்காலம் ஓடிய நீராவி வண்டியை நம் மக்கள் 'புகைவண்டி' என்றே அழைத்தனர். ஆயினும், கரும்புகை அவ்வண்டியின் தலைவிதி அன்று. முற்றும் எரியாமல் வீணாய்ப் போகும் கரியே அது. வெண்மையாய்த் தோன்றியதோ பெரும்பாலும் குளிர்ந்த நீராவி.

புகைக்குக் காரணம் இரண்டு. ஒன்று எரிபொருள், மற்றொன்று எரிப்பவர் திறன். ஈர விறகு புகையும் என்பதை நம் தாய்மார்கள் அறிவர். கரியிலும் அவ்வாறே தரம் உண்டு. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் நீராவிக் கரி குறைந்த புகையுடன் எரியும். நம் நாட்டுக் கரியில் பெரும்பகுதி சாம்பல் மிகுந்தது. கரி சூடேறியதும் அதிலிருந்து வாயுக்கள் வெளிப்படும். அவற்றிற்குப் போதிய காற்றும் வெப்பமும் கிட்டாவிடில் கரும்புகை எழும்.

நல்ல கரியும் பழகாதவர் கையில் புகையும். தேர்ந்த பயர்மேன் கரியைக் கைக்கடக்கமாக உடைப்பார். ஒரேயடியாகக் கொட்டாமல், சிறிது சிறிதாக, அடிக்கடி, நெருப்பு மெலிந்த இடம் பார்த்து வீசுவார். டிரைவர் நீராவியை அடைத்தால் உலைக்குள் காற்றின் இழுப்பும் குறையும். அதனை முன்னறிந்து அவர் கரியிடுவதை நிறுத்துவார். இருவரும் ஒருமனப்பட்டால்தான் புகை அடங்கும்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் எந்திரங்கள் சிலவற்றை, 2000-க்குப் பின், திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் எரியுமாறு மாற்றியது. அங்கும் எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்தால் கரும்புகைதான். எரிபொருள் மாறிற்று, திறனின் தேவை மாறவில்லை.

இத்திறன் உலையருகே நின்று கற்பது. அங்கு நிற்க யாருக்கு இடம் கிடைத்தது? 1938-இல் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், நம் மக்கள் பாதை செப்பனிடும் கேங்மேன் வேலையிலேயே நிறுத்தப்படுவதையும், பணிமனைகளில் மெக்கானிக் வேலை அவர்களுக்கு அரிதாய் இருப்பதையும் அண்ணல் அம்பேத்கர் எடுத்துரைத்தார். உழைப்பை வாங்கிக்கொண்டு, தொழிலறிவை மறுத்த அநீதி அது.

ஆகவே இளைஞர்களே, தொழிற்கூடம் புகுவோர் கருவியைப் பிடிக்க மட்டும் கற்று நின்றுவிடாதீர். ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கேளுங்கள். கேட்டதைத் தம்பி தங்கையருக்கும் சொல்லுங்கள். கரி வாரும் கை தாழ்ந்த கை அன்று. காரணம் அறிந்து வாரும் கையை எவராலும் தாழ்த்தவும் இயலாது. அவ்வறிவை வளர்க்கவே இச்சங்கம் என வாழ்த்தி அமைகிறோம்.