உறைவதற்குள் வந்து சேர வேண்டிய மருந்து
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் பேச எழுந்தால் கல்வியின் பெருமையைத்தான் பேசுவார், அதற்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். இன்று நான் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன். விஞ்ஞானியும் அல்லேன், வைத்தியனும் அல்லேன். வீட்டில் நடந்த ஒரு காரியத்தால் இதைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

என் அக்காள் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு மார்பில் ஒரு கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாயிற்று. அது வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க "பெட் ஸ்கேன்" எடுக்கச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடக்கூடாது என்பதால் அக்காள் வெறும் வயிற்றோடு, விடிந்தும் விடியாத நேரத்தில் டாக்சி ஏறினார். மருத்துவமனையில் இவரைப் போல் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். எட்டு மணிக்கு மேல் தாதி வந்து, "இன்றைக்கு மருந்து இல்லை, நாளை மறுநாள் வாருங்கள்" என்றார்.

அத்தானுக்கு வந்ததே கோபம்! "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஊசி மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாதா?" என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே கேள்விதான். அப்போது அங்கே வேலை செய்யும் நம்மவர் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, மருந்து செஞ்சாங்க. சோதனையில தேறல. தேறாததை உங்க அக்காவுக்குப் போட முடியுமா?" என்றார்.

அந்த மருந்தை ஏன் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது? தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. மரம் சீவி மங்கில் இறங்கிய பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போயாக வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பாலுக்காவது அம்மோனியா ஊற்றிக் கொஞ்சம் தாக்காட்டலாம். இதற்கு எந்தத் தடையும் கிடையாது. புளோரின்-18 என்ற கதிரியக்க அணு, 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் அப்படித்தான், அடுப்பில் வைத்தாலும் அப்படித்தான்.

மாணவர்களே, கணக்குப் போடுங்கள். காலை 5 மணிக்கு 100 பங்கு இருந்தால் 6.50க்கு 50, 8.40க்கு 25, 10.30க்கு பன்னிரண்டரை. ஆகவே 10.30 மணி நோயாளிக்கு ஒரு பங்கு வேண்டுமானால் 5 மணிக்கே எட்டுப் பங்கு செய்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் எண்ணாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அரிசி பருப்பு போலக் கப்பலில் தருவிக்க முடியாத சரக்கு இது. அந்தந்த ஊரிலோ பக்கத்திலோ விடியுமுன் செய்தாக வேண்டும்.

செய்யும் இயந்திரத்தின் பெயர் சைக்ளோட்ரான். 1931இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாரன்ஸ் என்பவரும் அவருடைய மாணவரும் இயக்கிக் காட்டிய முதல் இயந்திரம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதற்காக லாரன்ஸுக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவமனைக்குள்ளேயே இதைக் கொண்டு வந்தவர்கள் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையார், 1955இல். இந்தியாவில் பம்பாய் பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் 2002இல் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் அமைந்தது. 2018இல் கல்கத்தாவில் அதைவிட வலுவான ஒன்று ஓடத் தொடங்கியது.

ஊஞ்சலில் பிள்ளையை வைத்து, அது திரும்பி வரும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளினால் வேகம் கூடிக்கொண்டே போகும். சைக்ளோட்ரானும் அப்படித்தான். ஹைட்ரஜன் அணுத்துகளைப் பெரிய காந்தம் வட்டமாகத் திருப்பிவிடும். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்சாரம் ஒரு தள்ளு கொடுக்கும். வட்டம் விரிந்து விரிந்து, விளிம்புக்கு வரும்போது அதன் எலக்ட்ரான்களை மெல்லிய கரித்தகடு உரித்துவிட, வெறும் புரோட்டானாகப் பாய்ந்து போய் இலக்கில் மோதும். இலக்கு என்ன தெரியுமா? சில மில்லி லிட்டர் தண்ணீர்! ஆனால் சாமானியத் தண்ணீர் அன்று. நாம் குடிக்கும் நீரில் ஆயிரம் ஆக்ஸிஜன் அணுவுக்கு இரண்டே இரண்டுதான் ஆக்ஸிஜன்-18 என்ற கனத்த வகை. அந்த இரண்டை மட்டும் பொறுக்கிச் சேர்த்தது போன்ற விலையுயர்ந்த நீர். புரோட்டான் மோதியதும், எட்டுப் புரோட்டான் உள்ள ஆக்ஸிஜன் அணு ஒரு நியூட்ரானை வெளியே தள்ளிவிட்டு, ஒன்பது புரோட்டான் உள்ள புளோரினாகிவிடுகிறது. எல்லாம் கனத்த கான்கிரீட் சுவருக்குள்.

என் மனத்தைக் கவர்ந்தது இதற்குப் பிறகு நடக்கும் வேலைதான். அந்த நீரைக் குழாய் வழியே ஈயக் கவசப் பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். அங்கே ஒரு பிசின் சல்லடை புளோரினை மட்டும் பிடித்துக்கொண்டு நீரை விட்டுவிடும். பிடித்ததை ஒரு கரைசலால் கழுவி இறக்கி, ஈரம் போகக் காய வைக்கிறார்கள். துளி ஈரம் தங்கினாலும் அடுத்த காரியம் கெடும். பிறகு சர்க்கரை போன்ற ஒரு பொருளோடு சேர்த்துச் சூடாக்கினால் புளோரின் அதில் ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையை அதிகம் தின்னும். இந்தச் சர்க்கரையையும் தின்னும். ஆனால் செரிக்க முடியாமல் உள்ளேயே தேங்கவிடும். அது இருக்கும் இடத்தை உடம்பைச் சுற்றியிருக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் இதைச் செய்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள்.

ஒட்டினால் போதுமா? ஒட்டாத புளோரினையும், வேலைக்காகச் சேர்த்த இரசாயனங்களையும் வடிகட்ட வேண்டும். அவற்றுள் கிரிப்டோஃபிக்ஸ் என்பது நஞ்சு. சுத்திகரிப்புக் குழல்கள் வழியாக விட்டு, கடைசியில் கிருமியும் புகாத வடிகட்டியில் வடிக்கிறார்கள். பிறகு அந்த வடிகட்டியையே காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள், சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பது போல. கிருமி இல்லை என்பதை வளர்த்துப் பார்த்துச் சொல்ல 14 நாள் ஆகும். மருந்தோ ஒரு நாள்கூட நிற்காது! அந்த முடிவு வருமுன்பே ஊசி போட்டாக வேண்டியிருப்பதால்தான் செய்முறையில் இவ்வளவு கட்டுப்பாடு.

ஒட்டாத புளோரின் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையை நம் வகுப்பிலேயே விளங்கிக்கொள்ளலாம். மை உறிஞ்சும் தாளில் ஒரு சொட்டு மை வைத்து நுனியை நீரில் தொட்டால், நிறங்கள் பிரிந்து வெவ்வேறு உயரத்துக்கு ஏறும். அதே வித்தைதான். அன்றைய மருந்து தோற்றது இங்கேதான். ஒட்டாத புளோரின் அளவுக்கு மீறி இருந்ததாம். அது உடம்புக்குள் போனால் எலும்பில் போய்த் தங்கும். படத்தில் எலும்பெல்லாம் ஒளிரும். எலும்பிலும் நோய் பரவிவிட்டதோ என்று வைத்தியர் தடுமாறக்கூடும். இதைக் கேட்டதும் அத்தான் வாயைத் திறக்கவில்லை. அக்காள்தான், "அப்ப சரி, தம்பி. வா, ஒரு தோசை சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார்.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. பட்டினியாக வந்த ஐந்து பேருக்கும் இந்த விவரத்தை இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "மருந்து இல்லை" என்பதற்கும் "சரியில்லாத மருந்தைப் போடமாட்டோம்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மறுநாளுக்கு மறுநாள் மருந்து தேறி வந்தது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இது வாய்த்தால், சர்க்கரை வியாதி இருப்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். முதல் நாள் கடும் வேலை செய்யாதீர்கள். ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது.

நோய் பரவவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் அது பிறகு. அன்று மாலை புக்கிட் பாத்தோக் வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி பாட்டியிடம் போக அழுதாள். அக்காள் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் எத்தனை மணிக்கு, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தாளை எடுத்து 110, 110 ஆகக் கூட்டிக்கொண்டிருந்தேன்.