மரங்களுக்கும் ஒரு பதிவேடு

ஆசிரியப் பெருமக்களே,

சீயமங்கலம் குடைவரையைக் குடைவித்தவர் மகேந்திரவர்மப் பல்லவர் என்பதை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எழுதி வைத்ததே நிலைக்கிறது.

முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு மரம் முதல் எல்லாவற்றுக்கும் எண் இடத் தொடங்கினார்கள். அளப்பவர்கள் மாறினாலும் மர எண்ணும் அளக்கும் முறையும் தொடர்கின்றன. அதனால்தான் வறட்சிக்கும் தீக்கும் பின் எந்த மரம் பிழைத்தது என்று சொல்ல முடிகிறது.

நான் கேட்பது இதுதான். பள்ளி மரங்களுக்கு எண் கொடுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் கோடிட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் மாணவர்கள் சுற்றளவை அளக்கட்டும். தேதியும் அளந்தவர் பெயரும் பதிவேட்டில் இருக்கட்டும். பழைய அளவை அழிக்காதீர்கள். திருத்தத்தை அருகில் எழுதுங்கள். மாறுதலில் செல்லும்போது மற்றப் பதிவேடுகளோடு இதையும் ஒப்படையுங்கள். நாம் மாறிப்போவோம்; மரம் அங்கேயே இருக்கும்.